எண்ணிக்கையில் வராத பறவை

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலக் காடுகளில், இலையுதிர் காலத்தில், 'ரஃப்ட் க்ரவுஸ்' என்னும் காட்டுக்கோழி போன்ற பறவையை வேட்டையாடுவர். ஒருவர் நாளொன்றுக்கு 5 பறவைகளுக்கு மேல் எடுக்கச் சட்டம் இடந்தராது. ஆனால் ரவை பட்டுப் புதரில் மறைந்து, கிடைக்காமற்போன பறவை? பையில் இல்லாததை அதிகாரி எண்ணுவாரோ?

உணவுக்காகப் பிராணிகளைக் கொல்வதைத் திருச்சபை தடுக்கவில்லை. வீணாக வதைப்பதையே கண்டிக்கிறது. ஆகவே, புதிதாய்த் துப்பாக்கி ஏந்துபவன் முதற்கண் கற்கவேண்டியது குறிபார்ப்பதன்று. தேடியெடுக்க இயலாத அடர்ந்த புதர்மேல் பறந்தால் சுடாமல் விடுவதே. காயத்தோடு மறைந்ததைப் பொறுமையாய்த் தேடவேண்டும். கிடைக்காவிடில், அதையும் அன்றைய கணக்கில் சேர்க்கவேண்டும்.

சட்டம் பையோடு நின்றுவிடும். சிட்டுக்குருவி விழுவதையும் அறிகிற பரமபிதாவோ புதருக்குள்ளும் பார்க்கிறார். யாரும் காணாத இடத்தில் நீர் வைக்கும் கணக்கே உமது மனச்சாட்சி.