லாக் கதவைத் திறப்பது யார்?

இங்கிலாந்தின் டிவைசஸ் ஊருக்கு மேற்கே கெனட் அண்ட் ஏவன் கால்வாய் ஒரு குன்றின் மீது ஏறுகிறது. மூன்று கிலோமீட்டர் சொச்சம் தூரத்தில் 29 லாக்குகள்; நீர்மட்டத்தைக் கூட்டிக் குறைத்துப் படகை ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டிகள் இவை. மொத்த ஏற்றம் 72 மீட்டர். அவற்றில் 16 லாக்குகள் கேன் ஹில் சரிவில் ஒரே நேர்கோட்டில் படிக்கட்டுப் போல அடுக்கியிருக்கின்றன. சொந்தப் படகிலோ வாடகைப் படகிலோ வரும் குடும்பம் ஒன்று இந்த ஏற்றத்தைக் கடக்க ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும். மனிதன் மேலேறுவது தன் முயற்சியாலா, அருளாலா என்ற பழைய கேள்வியைக் கையால் தொட்டுப் பார்க்க இதைவிடத் தோதான இடம் அரிது.

படகு கீழ்க்கதவு வழியே தொட்டிக்குள் நுழைந்ததும் கதவைச் சாத்துகிறார்கள். ஒருவர் கரையேறி, ‘ட’ எழுத்தைப் போல் வளைந்த இரும்புக் கைப்பிடியைப் பல்சக்கரத் தண்டில் மாட்டிச் சுற்றுகிறார். மேல் மதகு திறக்கிறது. தண்ணீர் நுரைத்துக்கொண்டு உள்ளே பாய, படகு மெல்ல உயர்கிறது. அவசரக்காரர் மேல்கதவிலிருந்து நீளும் மரக்கையில் முதுகைக் கொடுத்து, குதிகாலை ஊன்றித் தள்ளிப் பார்ப்பார். கதவு அசையாது. இருபுற நீர்மட்டமும் நாலு விரல் உயரம் வேறுபட்டாலே கதவின் மேல் நூற்றுக்கணக்கான கிலோ அழுத்தம் இருக்கும். மட்டம் சமமானதும் பள்ளிக்கூடப் பிள்ளை சாய்ந்தாலும் அதே கதவு வழிவிடும்.

முயற்சியா அருளா என்ற கேள்விக்கும் பிரிட்டனுக்கும் பழைய உறவு உண்டு. அங்கிருந்து ரோமுக்குப் போனவராகச் சொல்லப்படும் கிறிஸ்தவத் துறவி பெலாஜியஸ், மனிதன் தன் விருப்பத்தாலேயே நல்வழியில் நடக்க முடியும் என்று போதித்தார். அருள் இல்லாமல் அந்த விருப்பமே எழாது என்று மறுத்தார் ஆயர் அகஸ்டின். 418-இல் கார்த்தேஜில் கூடிய ஆயர் சபை பெலாஜியஸின் கொள்கையைக் கண்டித்தது. தமிழ் வைணவத்திலும் இதே வழக்கு நடந்திருக்கிறது. குரங்குக்குட்டி தாயை இறுகப் பற்றிக்கொள்வதுபோல் பக்தன் பற்ற வேண்டும் என்றது வடகலை. பூனைக்குட்டியைத் தாயே கவ்விச் செல்வதுபோல் இறைவன் எடுத்துச் செல்வான் என்றது தென்கலை.

கேன் ஹில்லில் இரு கட்சிக்கும் சான்று கிடைக்கும். கைப்பிடியைச் சுற்றாவிட்டால் மதகு திறக்காது. ஆனாலும் பல டன் எடையுள்ள படகைத் தூக்குவது சுற்றியவரின் கை அல்ல. முயற்சி வாசலைத் திறக்கிறது, அருள் உயர்த்துகிறது என்று சமரசம் பேசி எழுந்துவிடலாம். அப்படி எழுந்துவிட்டால் ஒரு முக்கியமான கணக்கு விடுபட்டுப்போகும். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது?

ஒரு லாக்கை ஒருமுறை நிரப்ப இரண்டு லட்சம் லிட்டருக்குக் குறையாத நீர் வேண்டும். படகு ஏறினாலும் இறங்கினாலும் அத்தனை நீரும் கீழே போய்விடும். கால்வாயின் உச்சிப் பகுதிக்குப் பெரிய ஆறு எதுவும் வந்து சேரவில்லை. அதனால் கிழக்கே கிராஃப்டனில் ஒரு நீரேற்று நிலையம் கட்டினார்கள். 1812-இல் நிறுவிய போல்டன் அண்ட் வாட் நீராவி எஞ்சின், சுமார் 12 மீட்டர் உயரத்துக்கு நீரை ஏற்றியது. இன்று அன்றாட வேலையை மின்பம்புகள் பார்க்கின்றன. ஆனாலும் அந்த எஞ்சினால் தன் பழைய வேலையை இப்போதும் செய்ய முடியும். கேன் ஹில் அடிவாரத்தில் 1996-இல் அமைத்த பம்புகளோ, இறங்கிய நீரை மறுபடி மேலே அனுப்புகின்றன; நாளொன்றுக்கு 3.2 கோடி லிட்டர் வரை அவற்றால் ஏற்ற முடியும்.

ஆக, பயணிக்கு அருளாகத் தெரிகிற நீர், பிறர் உழைப்பால் மேலே போய்ச் சேர்ந்த நீர். ஜான் ரென்னி திட்டமிட்டு 1810-இல் முழுமையடைந்த கால்வாயை மண்வெட்டியும் தள்ளுவண்டியுமாக வெட்டியவர்களில் பெரும்பாலோரின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் லாக்குகள் பாழடைந்து போக்குவரத்து நின்றது. தன்னார்வலர்கள் பல ஆண்டுகள் சேறள்ளி, நிதி திரட்டிப் போராடிய பிறகே, 1990-இல் எலிசபெத் ராணி கால்வாயை மீண்டும் திறந்துவைத்தார். முயற்சியா அருளா என்று இரண்டே பெயரை வைத்துக்கொண்டு வாதிடும்போது இவர்கள் கண்ணில் படுவதில்லை. தேவர், ரிஷிகள், முன்னோர் ஆகியோருக்கு மனிதன் கடன்பட்டே பிறக்கிறான் என்கிற வைதிக மரபு இந்த இடத்தில் கூடுதல் தெளிவு தருகிறது.

அருளை நம்புகிறவர் இங்கே ஒரு நியாயமான கேள்வி கேட்பார். கிராஃப்டன் எஞ்சின் இறைத்தது ஊற்று நீர். ஊற்றுக்கு மழை வேண்டும். மழையை எந்தப் பொறியாளர் படைத்தார்? இதற்குக் கால்வாயில் விடை கிடையாது. உழைத்தவர்களைச் சொல்வதால் அருள் பொய்யாகிவிடுவதும் இல்லை. அது வந்து சேர்ந்த வழியில் எத்தனை மனிதர்கள் நின்றார்கள் என்பது தெரியவருகிறது, அவ்வளவுதான்.

கடன் என்று ஒப்புக்கொண்டால் நடத்தையும் மாறியாக வேண்டும். கால்வாய்க்காரர்களிடம் அதற்கான வழக்கங்கள் உண்டு. எதிர்த்திசையில் படகு வருகிறதா என்று பார்க்காமல் லாக்கை நிரப்பவோ வடிக்கவோ மாட்டார்கள். வந்தால் நின்று வழிவிடுவார்கள். ஒரே தொட்டி நீரில் ஒன்று இறங்க, மற்றொன்று ஏறிவிடும். இரண்டு படகுகள் ஒரே திசையில் போனால், அகலமான அந்த லாக்கில் அருகருகே நிறுத்திச் சேர்ந்தே ஏறுவார்கள். கிளம்பும் முன் மதகுகளை இறக்கி, கதவு சரியாக மூடியிருக்கிறதா என்று திரும்பி வந்து பார்ப்பவர்கள், முகம் தெரியாத அடுத்த படகுக்காரருக்காக அந்த நீரைக் காக்கிறார்கள்.