பாயை மடிக்கவும் விரிக்கவும்

தாம்பரம் - கடற்கரை மின்ரயிலின் ஒரு பெட்டியைவிடச் சிறியது ‘தாரிணி’ பாய்மரப் படகு. நீளம் 56 அடிதான். கடற்படை அதிகாரிகளான புதுச்சேரி ரூபாவும் கோழிக்கோடு தில்னாவும் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து அதில் புறப்பட்டு, உலகைச் சுற்றி 2025 மே மாதம் திரும்பினார்கள். எட்டு மாதமும் கடலில் அதுதான் வீடு. ஒருவர் கண்ணயர்ந்தால் மற்றவர் காவல். கோபித்துக்கொண்டு போய் உட்கார அடுத்த வீடு கிடையாது.

காற்று ஓங்கினால் படகோட்டி அதோடு மல்லுக்கட்டுவதில்லை. பாயின் கீழ்ப்பகுதியை மடித்துக் கட்டிப் பரப்பைக் குறைப்பார். சாய்ந்த படகு நிமிரும், பயணம் தொடரும்.

முடிச்சூரின் இரண்டு அறை வீட்டிலும் இதே கணக்குத்தான். ராத்திரி எட்டு மணிக்கு, ரயில் நெரிசலில் நசுங்கி வந்தவரின் செருப்பு வாசலில் சற்றே வேகமாக விழுகிறதா? இன்று காற்று பலம். கரண்ட் பில் பேச்சு நாளைக்கு இருக்கட்டும்.

ஒன்று மட்டும்: காற்று தணிந்ததும் மடித்த பாயை விரித்துவிடுங்கள். மௌனம் நீண்டாலும் படகு நகராது.