கால் கிலோ கரும்பு

மீஞ்சூர் ரயில் நிலையத்துக்கு வெளியே ஒரு பெட்டிக்கடை. எனக்கு முன்னால் நின்ற பள்ளிக்கூடப் பையன் பத்து ரூபாய் கொடுத்து ஒரு கலர் பாட்டில் வாங்கினான். நானும் அதையே வாங்கி லேபிளைப் படித்தேன். சர்க்கரை என்று போட்டிருந்தது. அதன் பக்கத்தில் பொடி எழுத்தில் 950, 955 என்று இரண்டு எண்கள். அசிசல்ஃபேம், சுக்ரலோஸ். கடைக்காரரிடம் காட்டினேன். "அதெல்லாம் யாரு தம்பி படிக்கிறாங்க? தித்திப்பா இருக்குது, பசங்க கேக்குதுங்க, விக்கிறேன்" என்றார்.

தித்தித்தால் போதுமா, அது எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டாமா? ரயிலேறிய பிறகும் இந்தக் கேள்வி கூடவே வந்தது.

ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். வழக்கமான கோலா 250 மில்லியில் சுமார் 26 கிராம் சர்க்கரை இருக்கும். 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த கரும்பு விலை குவிண்டாலுக்கு 355 ரூபாய். நூறு கிலோ கரும்பில் 10.25 கிலோ சர்க்கரை கிடைத்தால் இந்த விலை. அப்படியானால் ஒரு பாட்டிலுக்குக் கால் கிலோ கரும்பு. விவசாயிக்கு 90 காசு. நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே, திருவாலங்காட்டில் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது. அங்கே கரும்பு அனுப்புகிறவர் அந்த 90 காசுக்காகப் பத்து மாதத்துக்கும் மேல் காத்திருக்கிறார். சுக்ரலோஸ் சர்க்கரையைவிட 600 மடங்கு இனிப்பு. 26 கிராம் செய்கிற வேலைக்கு அதில் 50 மில்லிகிராம்கூடத் தேவையில்லை.

இந்த விவசாயியைக் காப்பாற்ற அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2018 பிப்ரவரியில் சர்க்கரை இறக்குமதி வரியை 100 சதவீதமாக்கியது. 2019இல் ஆலைகள் கிலோ 31 ரூபாய்க்குக் கீழே விற்கக் கூடாது என்றது. ஆனால் சர்க்கரைக்குக் கட்டிய சுவர் சர்க்கரையைத்தான் தடுக்கும், இனிப்பைத் தடுக்காது.

அமெரிக்கா இதை முன்னாலேயே பார்த்துவிட்டது. இறக்குமதிக்கு ஒதுக்கீடு வைத்து உள்நாட்டுச் சர்க்கரை விலையை உலக விலையைவிட உயரத்தில் நிறுத்தினார்கள். 1984க்குள் கோக்கும் பெப்சியும் அங்கே மக்காச்சோள சிரப்புக்கு மாறிவிட்டன. யாருக்காகச் சுவர் எழுப்பினார்களோ, அவர்களுடைய பெரிய வாடிக்கையாளர் கொல்லைப்பக்கமாக வெளியே போய்விட்டார்.

அப்ப சுவரை இடிச்சிடலாமா? இடித்தால் முதலில் குறையப்போவது அந்த 90 காசு. பாட்டில் விலை குறையும் என்று எனக்கு நம்பிக்கையில்லை.

செயற்கை இனிப்பே பாவம் என்றும் நான் சொல்ல வரவில்லை. சர்க்கரை நோய் உள்ளவருக்கு அது ஒரு சின்ன சலுகை. உடல் எடையைக் கட்டுப்படுத்த அதை நம்ப வேண்டாம் என்று 2023இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. அதைக் கேட்டுக்கொள்ளலாம், விஷம் என்று அலற வேண்டியதில்லை. 'ஜீரோ' என்று பெரிதாக எழுதிய பாட்டிலை எடுப்பவர் தெரிந்துதான் எடுக்கிறார். இந்தப் பையன் அப்படி எடுக்கவில்லை. அவன் சர்க்கரைத் தண்ணீர் என்று நினைத்து வாங்கினான். லேபிளில் சொல்லியிருக்கிறார்களே என்றால், ஆமாம், சொல்லியிருக்கிறார்கள். சொல்வது வேறு, தெரியப்படுத்துவது வேறு. வரியும் இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை. 2025 செப்டம்பர் முதல் எதில் இனித்தாலும் 40 சதவீத ஜிஎஸ்டிதான்.

மீஞ்சூர்க்காரர்களுக்கு நாக்கின் அருமை தெரியும். நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சியதில் கடல்நீர் உள்ளே வந்த ஊர் இது. கிணறு கெட்டதை முதலில் சொன்னது நாக்குதான். ஒரு வாய் குடித்தாலே "உப்பு ஏறிடுச்சு" என்று சொல்லிவிடலாம். இனிப்பு விஷயத்தில் நாக்கு அப்படி உதவாது. கரும்பானாலும் எண்ணானாலும் அதற்கு ஒன்றுதான். நாக்கு கைவிடுகிற இடத்தில் எழுத்துதான் பேச வேண்டும். பாட்டிலின் பெயரை எவ்வளவு பெரிதாக எழுதுகிறார்களோ, அந்த அளவில், அந்தப் பையன் படிக்கிற தமிழில்.