காட்டும் துணையும் காணும் உயிரும்

அன்றாட வாழ்வை நடத்திக்கொள்ளப் பிறர் துணை வேண்டியிருக்கும் ஒருவரைத் தம் வாழ்வுக்குத் தாமே உரியவர் எனக் கொள்ளலாமா என்னும் வினா, ஓட்டிசம் எனப்படும் மதியிறுக்கம் முதலிய நரம்பியல் வேறுபாடுகளோடு வளர்ந்த பிள்ளைகள் 18 வயதை எட்டும்போது, இலங்கையின் மாத்தளை மாவட்டத் தோட்டக் குடும்பங்களிலும் எழவே செய்கிறது. தமக்குப் பின் பிள்ளைக்கு யார் என்று கலங்கும் பெற்றோருக்கு ஊரார் தரும் விடை பெரும்பாலும் 'எல்லாம் வினைப்பயன்' என்பதாகவே இருக்கிறது. சைவ சித்தாந்தம் அவ்வளவு சுருக்கமாக விடை சொல்லி விலகும் தத்துவம் அன்று.

அதன்படி உயிர் வேறு, அதற்கு வாய்த்த கருவிகள் வேறு. உடம்பாகிய தனு, மனம் புத்தி சித்தம் அகங்காரம் என்னும் அகக்கருவிகளை உள்ளிட்ட கரணம், உலகமாகிய புவனம், நுகர்பொருளாகிய போகம் ஆகிய நான்கும், ஆணவம் என்னும் அறியாமை இருளில் கிடக்கும் உயிருக்குச் சிறிதேனும் அறிவு விளங்கும்பொருட்டு இறைவன் மாயை என்னும் மூலப்பொருளிலிருந்து கூட்டுவித்தவை. ஆகவே ஓசையைத் தாங்க இயலாமையும், பேச்சு வராமையும், வழக்கம் மாறினால் கலங்குவதும் கருவிகளின் அமைப்பைச் சார்ந்தவையே அன்றி உயிரின் தரத்தைக் காட்டுவன அல்ல. அக்கருவிகளும் வினைக்கேற்பவே அமைந்தன என்று எவரேனும் மறுக்கலாம். ஆனால் அவ்விதி பிள்ளையைச் சோதிக்கும் மருத்துவருக்கும், அவனைக் கண்டு பெருமூச்சு விடும் அயலாருக்கும் ஒப்பவே பொருந்துவதால், ஒருவரை மட்டும் சுட்டிப் பழிக்க அதில் இடமில்லை.

13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தின் 11ஆம் சூத்திரம் இன்னும் ஆழமாகச் செல்கிறது. கண் தானே காண்பதில்லை, உயிர் உடன்நின்று காட்டவே காண்கிறது. அவ்வாறே உயிரும் இறைவன் காட்டவும் உடனிருந்து காணவும் பெற்றே அறிகிறது. இவற்றைக் காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என்பர். எந்த உயிரும் துணையின்றி அறிவதில்லை என்றால், துணை தேவைப்படுவதைக் காரணம் காட்டி ஒருவருடைய விருப்பத்தைச் செல்லாததாக்க முடியாது. அதேவேளை, காட்டும் இறைவன் உயிரின் அறியும் தன்மையைப் பறித்துக்கொள்வதுமில்லை. துணைநிற்கும் மனிதருக்கான எல்லையும் இதுவே: தெரிவுகளை விளங்கும்படி முன்வைக்கலாம், படமாயினும் எழுத்தாயினும் சைகையாயினும் துணை பெறுபவருடைய விடைக்குக் காத்திருக்கலாம், முடிவை மட்டும் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளலாகாது.

இவ்வெல்லை சோதிக்கப்படும் இடம் பெரும்பாலும் கோயிலே. மாத்தளை முத்துமாரியம்மன் ஆலயத்தின் மாசி மக விழாவில் ஐந்து தேர்கள் பவனி வருகையில் எழும் மேள முழக்கமும் நெரிசலும் பலருக்குப் பேரின்பம். செவிப்புலன் கூர்மை மிக்க இளைஞர் ஒருவருக்கு அவையே வதையாகலாம். பிள்ளைக்காகத் தாய் வைத்த காவடி நேர்த்தியில் அன்புக்குக் குறைவில்லை. எனினும் நேர்ந்தவர் தாய், காவடி ஏறும் தோள் மகனுடையது. மகன் தலையசைத்து மறுப்பது பக்திக்குறைவு அன்று. தமக்காகத் தாமே பேசுதல் பலருக்கும் அத்தகைய மறுப்பிலேயே தொடங்குகிறது.

கேளாமல் முடிவெடுக்கப்படுவதன் வலியை இத்தோட்டக் குடும்பங்கள் சார்ந்த மலையகத் தமிழருக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே 1964ஆம் ஆண்டில் ஏற்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களுள் நாடற்றிருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டு, எஞ்சியோரைப் பின்னர் பேசிக்கொள்ளலாம் என ஒதுக்கிவைத்தபோது, அம்மக்களிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை. அவ்வரலாற்றை உடைய சமூகம் தன் வீட்டுக்குள்ளேயே அம்முறையைக் கையாள்வது பொருந்தாது.

சட்டமும் இதே திசையில் நிற்கிறது: இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்த, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையின் 12ஆம் உறுப்புரை, அவர்களுக்குச் சட்டத்தின் முன் ஏனையோருக்கு நிகரான தகுதியை ஒப்புக்கொண்டு, அதைப் பயன்படுத்துவதற்கான துணையை வழங்குவதை அரசின் கடமையாக்குகிறது. ஆகவே பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தராயினும் ஆலய பரிபாலன சபையினராயினும், 'தம்பிக்கு என்ன வேணும்' என்று தாயிடம் கேட்பதற்கு முன் அந்த இளைஞரையே நோக்கிக் கேட்டு, விடை வரும்வரை பொறுத்திருக்க வேண்டும்.