செக்கும் முரசும்

சடையங்குப்பத்துச் சிறு கோயில் ஒன்றில் சாயங்கால பூஜையின்போது நின்றிருந்தேன். பூசாரி கர்ப்பூரத்தை ஏற்றுமுன் சுவரிலிருந்த ஸ்விட்சைத் தட்ட, இரும்புச் சட்டத்தில் பொருத்திய மோட்டார் சுழன்று, சக்கரத்தில் கோத்த கம்பிகள் முன்னும் பின்னும் ஆடி, முரசும் மணியும் தாளமும் ஏககாலத்தில் முழங்கின. சக்கரம், கம்பி, கோல் யாவும் கண்ணெதிரே இயங்குவதால் இதில் வஞ்சனை ஏதுமில்லை. குழந்தைகள் சுவாமியை விட்டு இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. நானும் பார்த்தேன் என்பதை மறைப்பானேன்? ஆயினும் இந்த முழக்கம் யாருடைய வழிபாடு என்ற கேள்வி என்னை விடவில்லை.

மேல்நாட்டிலும் தானே இசைக்கும் யந்திரங்கள் உண்டு. அங்கே எட்வின் வோட்டி என்பவர் 1895-இல் அமைத்த பியானோலா, சாதாரணப் பியானோவின் முன்னே நிறுத்தப்படும் பெட்டி. ஒருவர் மிதிக்க மிதிக்க, காகிதச் சுருளின் துளைகள் காட்டும் வழியே அதன் மரவிரல்கள் கட்டைகளை அழுத்தும். 1904-இல் வெல்ட்டே நிறுவனத்தார் வித்வானின் மென்மை வன்மைகளையும் சுருளில் பதிக்கக் கற்றனர். இன்றோ பழைய பியானோவைத் திறந்து, 88 கட்டைகளுக்கும் மின்காந்தத் தண்டுகளைப் பொருத்தி, தானே வாசிக்கச் செய்துவிடுகிறார்கள். அங்கே ஆளில்லா ஆசனத்தின் முன் கட்டைகள் தாழ்ந்தெழும்போது, என்றோ வாசித்த ஒரு கையின் ஞாபகமேனும் இருக்கக்கூடும். நம் கோயில் முரசில் அதுவும் இல்லை, சுழற்சி மட்டுமே உண்டு.

யந்திரம் ஜடம், ஆகவே அது தொண்டுக்கு ஆகாது என்று வாதிப்பாரோடு நான் சேரமாட்டேன். சைவ சித்தாந்தத்தின்படி நம் உடலும் இந்திரியங்களுமே ஜடந்தான். அவை ஆன்மா அறிவதற்கும் செய்வதற்கும் இறைவன் அளித்த தனு கரணங்கள். கருவி ஜடமாயிருப்பதில் குற்றமில்லை. அதன் பின்னே ஓர் ஆன்மா வருந்துகிறதா என்பதே வினா.

சடையங்குப்பத்துக்கு அருகிலுள்ள திருவொற்றியூரில் வாழ்ந்த கலிய நாயனாரின் சரிதத்தைப் பெரியபுராணம் சொல்கிறது. எண்ணெய் வணிகராகிய அவர், திருவிளக்கிட்டே செல்வமெல்லாம் கரைந்தபின், பிறர் செக்கில் எள்ளாட்டிக் கூலி பெற்று விளக்கெரித்தார். அந்தக் கூலியும் அற்றபோது, எண்ணெய்க்குப் பதிலாகத் தம் உதிரத்தையே வார்க்கக் கழுத்தை அரியலானார். இறைவன் அக்கையைப் பிடித்துத் தடுத்தான். செக்கும் யந்திரமே, மரத்தால் ஆனது, திரும்பத் திரும்ப ஒரே வட்டத்தில் சுழல்வது. ஆனால் அதனோடு நாயனாரும் சுற்றினார். அவர் உடல் நொந்த நோவு விளக்கில் எரிந்தது. மோட்டார் முரசோடு யாரும் சுற்றுவதில்லை.

முரசறைய ஆள் கிடைக்காத ஊருக்கு மோட்டார் ஓர் அனுகூலம் என்பதை மறுக்கமாட்டேன். அதை அகற்றச் சொல்வதும் என் நோக்கமன்று. அதன் பக்கத்தில் தொங்கும், கையால் இழுத்து அடிக்கும் மணியின் கயிற்றை மட்டும் உயரத் தூக்கிக் கட்டிவிடாமல், குழந்தைகளுக்கு எட்டும்படி விட்டுவைக்குமாறு கோயில் நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.