வாகையும் பிழையும்

வெற்றி பெற்றவனுக்கு, வெற்றி பெற்ற பிறகு, நாம் வழங்கும் குணங்களில் 'மனஉறுதி' மிக மலிவானது. தோற்றவனுக்கு அதன் இன்மை அதே தாராளத்துடன் வழங்கப்படுகிறது. முடிவைத் தெரிந்துகொண்டு பின்னாலிருந்து படிக்கும் இந்த வாசிப்பு நம் இலக்கிய விமர்சனத்திற்கும் புதிதல்ல. பரிசு பெற்ற நாவலில், அதுவரை யாருக்கும் தட்டுப்படாத ஆழங்கள் மறுநாளே தட்டுப்பட ஆரம்பிக்கின்றன. எனவே ஆட்டத்தைப் பற்றிய ஒரு கேள்வி இந்தப் பக்கங்களுக்கு அந்நியமானதாக இருக்க முடியாது.

2024 நவம்பர் 25 முதல் டிசம்பர் 12 வரை சிங்கப்பூரில் நடந்த உலக சதுரங்கச் சாம்பியன் போட்டியை எடுத்துக்கொள்கிறேன். ஒருபுறம் சென்னையைச் சேர்ந்த 18 வயது குகேஷ். மறுபுறம், 2023இல் பட்டம் வென்றபின் மனச்சோர்வில் தவித்ததை வெளிப்படையாகவே சொல்லியிருந்த சீனாவின் டிங் லிரன். டிங்கிடம் உறுதி எஞ்சியிராது என்பது பொதுவான கணிப்பு. முதல் ஆட்டத்தையே அவர் கறுப்புக் காய்களுடன் வென்றார். மூன்றாவது குகேஷுக்கு. பிறகு ஏழு ஆட்டங்கள் டிரா. பதினொன்றாவதில் குகேஷ் வென்றதும், காற்று அவர் பக்கம் திரும்பிவிட்டதாகப் பேசப்பட்டது. மறுநாளே டிங் அத்தொடரின் மிகச் செம்மையான ஆட்டங்களில் ஒன்றை ஆடிச் சமன் செய்தார்.

காற்று, அலை, உந்தம் எல்லாம் பௌதிகத்திலிருந்து வாங்கிய கடன். 1985இல் கிலோவிச், வலோன், ட்வெர்ஸ்கி மூவரும் கூடைப்பந்தாட்டக் கணக்குகளை ஆராய்ந்து, தொடர்ந்து கூடையில் போடுபவனின் 'சூடான கை' என்பது பார்ப்பவர்களின் மயக்கமே என்றார்கள். 2018இல் மில்லர், சன்ஹுர்ஹோ இருவரும் அந்தக் கணக்கிடும் முறையிலேயே ஒரு சாய்வு ஒளிந்திருப்பதைக் காட்டினார்கள். ஆகவே உந்தம் முழுப்பொய் என்று ஒதுக்கவும் முடியாது. ஆனால் சதுரங்கத்தில் நேற்றைய வெற்றி இன்றைய பலகையில் ஒரு சிப்பாயைக்கூட நகர்த்துவதில்லை. அது தங்கக்கூடிய ஒரே இடம் ஆடுபவனின் பிரக்ஞை. அங்கும் அது துணையாகவே இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

பதினான்காவது, கடைசி ஆட்டம். இருவருக்கும் ஒரு யானை, ஒரு பிஷப். குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதல். கவனமாக ஆடினால் டிரா. டிரா ஆனால் மறுநாள் அதிவேக ஆட்டங்கள். அவற்றில் டிங்குக்கே சாதகம் என்று கருதப்பட்டது. டிங் சிக்கல்களைத் தவிர்த்துத் தவிர்த்து அமைதியை நோக்கி நகர்ந்தார். 55ஆவது நகர்த்தலில் யானைகளை வெட்டிக்கொள்ள அழைத்தார். அவருடைய பிஷப் மூலையில் அகப்பட்டிருந்தது. அதையும் வெட்டிக்கொள்ளும்படி நிர்ப்பந்தித்தால், மிஞ்சும் ஆட்டத்தில் அந்த ஒற்றைச் சிப்பாய் போதும். குகேஷும் இதை உடனே காணவில்லை. யானையை வேறு கட்டத்துக்கு நகர்த்தப் போன நிலையில்தான் கண்டதாகப் பிறகு அவரே சொன்னார். 58ஆவது நகர்த்தலோடு டிங் விட்டுக்கொடுத்தார். ஏழரைக்கு ஆறரை.

உலகப் பட்டம் இப்படியொரு சிறுபிள்ளைத்தனமான பிழையால் தீர்மானிக்கப்படலாமா என்று முன்னாள் சாம்பியன் கிராம்னிக் கசந்துகொண்டார். இந்தத் தூய்மைவாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. 2014இல் சோச்சியில், ஆறாவது ஆட்டத்தின் 26ஆவது நகர்த்தலில், கார்ல்சனும் இப்படித்தான் ராஜாவைத் தப்பான கட்டத்தில் வைத்தார். ஆனந்த் அதைக் காணாமல் ஓரத்துச் சிப்பாயைத் தள்ளினார். அந்த ஆட்டத்தைத் தோற்றார். பிழை கிடந்தது, அதை எடுக்க ஆளில்லை. ஐந்து முறை உலகப் பட்டம் வென்ற ஆனந்துக்கு மனஉறுதி போதாது என்று யார் சொல்வது?

'உறுதி' என்ற சொல்லே நம்மைத் தப்பான திசையில் கொண்டுபோகிறது. அது கல்லையும் இரும்பையும் நினைவூட்டுகிறது. இங்கே செயல்பட்டது கடினம் அல்ல, விழிப்பு. டிங்கின் பிழை கோழைத்தனத்தில் பிறந்ததாக எனக்குப் படவில்லை. முடித்துவிட வேண்டும் என்ற ஆசையில் பிறந்தது. வங்கியில் மாலை நேரம் கணக்கை நேர் செய்கிற எவருக்கும் இது புரியும். கூட்டம் நெரிக்கும் பதினொரு மணியைவிட, 'அவ்வளவுதான், முடிந்தது' என்று மனம் எழுந்துவிட்ட பிறகு கை எழுதுகிற எண்ணே ஆபத்தானது. குகேஷின் மனம் அந்த 55ஆவது நகர்த்தல்வரை எழுந்திருக்கவில்லை. அவருடைய பெருமை அவ்வளவே; அது சிறிதல்ல.

எங்கள் தம்மம்பட்டி மரச்சிற்பிகள் செதுக்கும் மரங்களில் தூங்குவாகையும் ஒன்று. உளி ஒரு நூல் அதிகம் இறங்கிவிட்டால் மரம் திரும்ப வளராது. ஆனால் அந்தக் கைக்கு எதிரே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. வாகை என்றாலே எதிரியை வென்று சூடும் பூ என்று பழகிவிட்டோம். தொல்காப்பியம் வாகைத் திணையைப் போர்க்களத்தோடு நிறுத்தவில்லை. அவரவர் தத்தம் தொழிலை மேம்படச் செய்வதையும் அதில் சேர்க்கிறது. அந்தப் பாகுபாட்டில் வருணத்தின் வாடை உண்டு என்பதை மறக்காமலே, அதன் மையமான எண்ணத்தை நாம் எடுத்துக்கொள்ளலாம். அப்போது பன்னிரண்டாவது ஆட்டத்தின் டிங்குக்கும் வாகை உண்டு. பதினான்காவது அதைப் பறித்துவிட முடியாது.

வென்றவன் தோற்றவனின் பிழைக்குக் கடன்பட்டவனா? ஆம் என்றே நினைக்கிறேன். அன்று குகேஷ் அழுதார். பிறகு காய்களை மறுபடி அவற்றின் ஆரம்பக் கட்டங்களில் அடுக்கினார். டிங், முடிவு நியாயமானது, தமக்கு வருத்தமில்லை என்றார். இருவரும் நம்மைவிட நல்ல வாசகர்கள். ஏழரை, ஆறரை என்ற எண்களை மூடிவைத்துவிட்டு, நகர்த்தல்களை ஒவ்வொன்றாகப் படிக்க நமக்குத்தான் இன்னும் வரவில்லை. ஆட்டத்தில் மட்டுமல்ல, புத்தகங்களிலும்.