செஞ்சோற்றுக் கடன்

தான் நிற்கும் பக்ஷம் தர்மபக்ஷமன்று என்பதை உணர்ந்திருந்தும், பஞ்சபாண்டவர் தன் உடன்பிறந்தார் என்ற ரகசியம் தெரிந்த பின்னரும், அரங்கின் நடுவே குலம் கேட்டுத் தான் இகழப்பட்ட வேளையில் அங்கதேசத்து மகுடத்தைத் தன் சிரசில் சூட்டிய நண்பன் துரியோதனனைக் கைவிடக் கர்ணனுக்கு மனம் வரவில்லை. அதைச் செஞ்சோற்றுக் கடன் என்று சொல்லிப் போற்றுகிறோம். ஆனால் சோறு இட்டவனுக்கும், அதை உண்டு உழைத்தவனிடத்தில் ஒரு கடன் உண்டல்லவா? அதற்கு மட்டும் அத்தனை அழகிய பெயர் நம் வழக்கில் ஏற்படாமற்போனது ஏனென்று நான் பலமுறை எண்ணியதுண்டு. பெயர் வைக்கும் உரிமை பெரும்பாலும் சோறு இடுகிறவர் கையிலேயே இருந்தது போலும்!

அந்தப் பெயரற்ற கடனை எனக்கு நினைவூட்டுவது ஆமதாபாத் ஆலைகளின் கதை. 1917-ஆம் ஆண்டில் அங்கே பிளேக் நோய் பரவி, ஜனங்கள் ஊரைவிட்டு வெளியேறத் தொடங்கியபோது, தறிகள் நின்றுவிடுமே என்று அஞ்சிய ஆலை முதலாளிகள், நெசவாளருக்குச் சம்பளத்தில் நூற்றுக்கு 70, 80 வரையிலுங்கூட 'பிளேக் போனஸ்' என்று சேர்த்துக் கொடுத்து அவர்களை நிறுத்திக்கொண்டார்கள். மரணபயத்துக்கு எதிராகத் தராசில் வைக்கப்பட்ட பொருள் அது. நோய் தணிந்ததும் போனஸை எடுத்துவிட முற்பட்டார்கள். யுத்தகாலத்து விலைவாசியோ தணியவில்லை. ஓடிப்போகக்கூடும் என்ற அச்சம் உள்ளவரையில்தான் ஒருவனுக்கு மதிப்பு என்றால், ஓடாமல் நின்று உழைத்தவன் பேதை என்றல்லவோ ஆகிவிடுகிறது?

தொழிலாளர் 50 சதவீதம் உயர்வு கேட்டார்கள். முதலாளிகள் 20-க்கு மேல் இசையவில்லை. காந்தியடிகள் கணக்குகளை ஆராய்ந்து 35 நியாயமென்று கூறினார். 1918 பிப்ரவரி 22-ல் ஆலைக் கதவுகள் அடைக்கப்பட்டன. முதலாளிகளின் தலைவராக நின்றவர் அம்பாலால் சாராபாய். தொழிலாளர் பக்கம் நின்றவர் அவருடைய தமக்கை அனசூயாபென். இதனினும் நான் பெரிதாகக் கருதுவது வேறொன்று. 1915-ல் காந்தியடிகள் ஒரு ஹரிஜனக் குடும்பத்தைத் தம் ஆசிரமத்தில் சேர்த்துக்கொண்ட காரணத்தால் தனவந்தர்களின் உதவி நின்று, நாளைக்கு என்ன செய்வதென்று தெரியாதிருந்த சமயத்தில், 13,000 ரூபாயைக் கொடுத்துவிட்டுப் போனார் ஒரு சேட். காந்தியடிகளின் சுயசரிதையில் பெயர் குறிக்கப்படாத அந்த சேட் அம்பாலாலே என்பது பின்னர் வெளிவந்தது. ஆக, காந்தியடிகளும் அந்த வீட்டுச் சோற்றுக்குக் கடன்பட்டவரே. கர்ணன் தன் கடனை அருகில் நின்று தீர்த்தான். இவரோ எதிரில் நின்று, ஆனால் துவேஷம் சிறிதுமின்றி, தீர்க்க முயன்றார். தன்னை ஆதரித்தவன் அநியாயம் செய்யாதபடி தடுப்பதும் நன்றியின் ஒரு வகைதான் என்ற எண்ணம் துரியோதனன் சபையில் யாருக்காவது உறைத்திருந்தால், குருக்ஷேத்திரமே நேர்ந்திராது.

நாட்கள் செல்லச்செல்லத் தொழிலாளரின் உறுதி தளர்ந்தது. தலைவர்கள் மோட்டாரில் வந்து போகிறார்கள், வயிறாரச் சாப்பிடுகிறார்கள், பட்டினி நமக்குத்தானே என்று அவர்களிடையே எழுந்த முணுமுணுப்பு காந்தியடிகளின் காதுக்கு எட்டியது. மார்ச் 15-ல் அவர் உபவாசம் தொடங்கினார். மூன்று நாட்களில் சமரசம் ஏற்பட்டது. முதல் நாளுக்கு 35 சதவீதம், மறுநாளுக்கு 20, அதன்பின் மத்தியஸ்தரின் தீர்ப்பு வரும்வரை 27½ என்பது ஏற்பாடு. 35-க்குக் குறையோம், 20-க்கு மேற்போகோம் என்ற இரு தரப்பாரின் பிரதிக்ஞையும் ஒவ்வொரு நாள் நிறைவேறிவிட்டதாம்! மத்தியஸ்தரான ஆனந்தசங்கர் துருவா பிற்பாடு 35-ஐயே தீர்ப்பாக அளித்தார். ஆயினும், தம்மீது கொண்ட பிரியத்தினால் முதலாளிகள் இணங்கினார்களேயன்றி நியாயத்தை உணர்ந்தல்ல என்பதும், அன்பும் பலாத்காரமாக மாறக்கூடும் என்பதும் காந்தியடிகளுக்கே மனக்குறையாக இருந்தது. அதை அவர் மறைக்கவுமில்லை. அந்தக் குறை மெய்யான குறை என்றே நானும் நினைக்கிறேன்.

ஆலைகள் அடைபட்டிருந்த அதே நாட்களில், வேலையின்றி வாடிய தொழிலாளருக்குப் பிச்சையாக எதுவும் கொடுக்க மனமில்லாமல் ஆசிரமத்தார் ஒரு வேலையைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். நெசவுச்சாலையின் அஸ்திவாரத்தை நிரப்ப மணல் வேண்டியிருந்தது. சபர்மதி ஆற்றுப்பள்ளத்திலிருந்து மணற்கூடைகளைத் தலையில் ஏந்தி அவர்கள் வரிசையாக ஏறி வந்தபோது, எல்லோருக்கும் முன்னால் தம் தலையிலும் ஒரு கூடையுடன் நடந்து வந்தவர், ஆலை முதலாளியின் தமக்கை.